மூன்றாம் மேசை ரொட்டி

அந்த வீட்டில் எல்லாமே வயசு வரிசைதான். குளிப்பது, சாப்பிட உட்காருவது, வாசலில் செருப்பை விடுவது, எல்லாவற்றிலும் முதலாளி முதலில், அவர் மகன் அடுத்து, மாப்பிள்ளை கடைசி. வீட்டை ஒட்டினாற்போல் இருந்த ரொட்டிக்கடைப் பட்டறையிலும் அதே கதைதான். மாவு வெட்டும் இரும்புத் தகடுகளை மாட்டச் சுவரில் மூன்று ஆணிகள்; முதல் ஆணி முதலாளிக்கு. மூன்று மேசைகள், ஜன்னலோரம் காற்று வரும் மேசை முதலாளிக்கு, அடுப்பின் வாயருகே ஆளையே வேகவைக்கும் மேசை மாப்பிள்ளைக்கு. ரொட்டி அடுப்புக்குள் போகுமுன் அதன் தலையில் கத்தியால் கீறுவார்கள். முதலாளி மேசை ரொட்டிக்கு ஒரு கீறல், மகன் மேசைக்கு இரண்டு, மாப்பிள்ளை மேசைக்கு மூன்று. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. போட்டிருந்தால் யாராவது மீறிப் பார்த்திருப்பார்கள்.

முதலாளிக்கு ஒரு மகளும் உண்டு. வயது முப்பத்து நான்கு. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பவள், வீட்டு வாசற்படி தாண்டியதும் பாப்பாவாகிவிடுவாள். கல்யாணமாகி, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தும் அவள் பாப்பாதான். மாலைக் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். அதில் ஆராய்ச்சிப் புள்ளியியல் என்று ஒரு தாள். ஒருமுறை எழுதித் தோற்றாயிற்று. மறுதேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்ற பாடத்தில்தான் போனமுறை சறுக்கினாள். சூத்திரம் தலைகீழாகத் தெரியும். அது எதற்கு என்பது மட்டும் தெரியாது.

அவள் புருஷன்தான் அந்த மூன்றாம் மேசைக்காரன். வீட்டோட மாப்பிள்ளை. கொத்துவேலை செய்துகொண்டிருந்தவனை, இவளைக் கட்டிக்கொண்ட கையோடு பட்டறைக்குள் இழுத்து மாவு பிசையச் சொன்னார்கள். சிமெண்டு குழைத்த கைக்கு மாவு பூ மாதிரி இருந்திருக்கும்போல, மூன்றே மாதத்தில் பிடித்துக்கொண்டான். ஆனால் என்ன, வீட்டோட மாப்பிள்ளை தும்மினாலும் வீடு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கடைக்கு மாவு மூட்டை இறக்க வருகிறவர்கூட அவனை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்ததை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போட ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தினம் நூற்றிருபது ரொட்டி, ஒவ்வொன்றும் நானூறு கிராம். அப்போதும்கூட அந்தப் பட்டறையில் வெந்த ரொட்டியை யாரும் எடை போட்டதே இல்லை. மாவை மட்டும் தராசில் போட்டு நானூற்று அறுபது வெட்டுவார்கள். அடுப்பு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி நானூறுக்கு மேலேயே நிற்கும் என்று ஒரு கணக்கு. புதன்கிழமை ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டே, "பெரியவரே, நேத்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நிறைய ரொட்டி நானூறு வரலை. நான் ஒண்ணும் சொல்லலை. மேலேயிருந்து வந்து பார்த்தா சொல்வாங்க" என்றார். ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளிக்கு முகம் செத்துப்போயிற்று. முப்பது வருஷமாக அவர் கடையில் ரொட்டி சிறுத்தது என்று ஒருவர் சொன்னதில்லை. அன்று சாயங்காலமே ஒரு மின் தராசு வாங்கிவந்தார். மறுநாள் நடுப்பகல், அடுப்பிலிருந்து நூற்றிருபதும் ஒரே மூச்சில் வெளியே வந்தவுடன், ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் தன் மேசை நாற்பது, பிறகு மகன் மேசை நாற்பது, கடைசியில் மாப்பிள்ளை மேசை நாற்பது. ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்து, எழுதினார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. இரண்டு நாளும் சேதி ஒன்றுதான். முதலாளி ரொட்டி நானூற்று ஏழு வாக்கில் நின்றது. மகன் ரொட்டி நானூற்று மூன்று. மாப்பிள்ளை ரொட்டி பெரும்பாலும் நானூறைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ரொட்டி, அவித்த முட்டை, வெங்காயம் போட்டு வதக்கிய கீரை. வெளியே வெயில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் அடித்தது. முதலாளி ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பித்த பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

"சொல்லுங்க மாமா."

"திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க மேசைக்கு வர வேண்டாம். வண்டியில கூடை ஏத்தி இறக்கற வேலையைப் பாருங்க."

மாப்பிள்ளை கை பாதி வழியில் நின்றது. "என்ன மாமா, நான் என்ன பண்ணேன்?"

"நீங்க பண்ணீங்கன்னு நான் சொல்லலையே. நோட்டு சொல்லுது" என்று எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்.

"நானும் நானூத்தி அறுபதுதான் வெட்டறேன். ஒவ்வொண்ணும் தராசுல போட்டுத்தான்."

"வெட்டறது அறுபது. வெந்து வர்றது குறைவு. நடுவுல எங்க போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சுவரோரம் நின்று முட்டை பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி, அதாவது மகனின் மனைவி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "தினம் ஒரு குருவி பறக்குதே, அதுக்கு இறக்கை எங்கேர்ந்து முளைக்குதாம்?"

மாப்பிள்ளை தினமும் தன் மகளுக்காக மேசையில் ஒட்டிக்கொண்ட மாவை வழித்து, ஒரு சின்னக் குருவி செய்து அடுப்போரம் வைத்துச் சுட்டுக் கொடுப்பான். இத்தனை நாள் அந்தக் குருவியைப் பார்த்து எல்லோரும் சிரித்தவர்கள்தான். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"அண்ணி, பார்த்துப் பேசுங்க. குழந்தை திங்கறதைச் சொல்லிக்காட்டாதீங்க" என்றாள் பாப்பா.

"நான் என்ன பாப்பா சொன்னேன்? வாயைத் திறந்தாலே குத்தமா? மேசை காலியா இருந்தா என் தம்பி ஒருத்தன் சும்மாதான் இருக்கான், அவனைக் கூப்பிடலாம்னு சொல்ல வந்தேன்." ஆக, அண்ணியின் வண்டி எந்த ஊருக்குக் கிளம்பியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர்" என்றான். அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "மேசை போச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். கூடை தூக்கறதுக்கு நான் வெக்கப்படலை. ஆனா திருடன்னு பேர் வாங்கிட்டு இவங்க கையால சோறு இறங்காது. நான் கொத்துவேலைக்கே போறேன். நீயும் குழந்தையும் வரீங்களா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"யாரும் எங்கேயும் போக வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க."

"ஞாயித்துக்கிழமை என்ன நடக்கப் போகுது?"

"அதை என் கணக்கு சொல்லும்."

"உன் கணக்கா? அது உனக்கே சொல்லலையே" என்றான். பாவம், வேண்டுமென்று சொல்லவில்லை. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

உண்மையில், சாப்பாட்டு நேரத்தில் அப்பா படித்துக் காட்டிய எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குள் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. புள்ளியியல் எடுக்கும் பெண் அவளைவிடப் பத்து வயது சின்னவள். மாணவர்கள் அவளுக்கு 'சராசரி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சராசரி வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது.

"மூணு வகுப்பு, மூணு டீச்சர்னு வெச்சுக்குங்க. மூணு சராசரியும் வேற வேறயாத்தான் வரும். வந்தே தீரும். அதைப் பார்த்துட்டு இவங்க நல்ல டீச்சர், அவங்க மோசம்னு சொல்லிடாதீங்க. முதல்ல ஒரே வகுப்புக்குள்ள பிள்ளைங்க எவ்வளவு சிதறிக் கிடக்கறாங்கன்னு பாருங்க. அந்த உள் சிதறலோட ஒப்பிட்டா, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவுல இருக்கற தூரம் பெருசா? இது ஒண்ணுதான் கேள்வி. மத்ததெல்லாம் கூட்டல் பெருக்கல்."

அப்பாவின் மேசைக்குள்ளேயே ஒரு ரொட்டி நானூற்று நான்கு, இன்னொன்று நானூற்றுப் பதினொன்று. ஒரே கை, ஒரே மாவு, ஏழு கிராம் ஆட்டம். அப்படியிருக்க, மேசைக்கும் மேசைக்கும் நடுவே ஒன்பது கிராம் வித்தியாசம் வந்ததற்கு ஒரு மனுஷனைத் திருடனாக்குவதா? எல்லாம் தற்செயல் என்று கணக்கு அடித்துச் சொல்லிவிடும். அவளுக்குச் சந்தேகமே இல்லை. போனமுறை பரீட்சையில் வராத தைரியமெல்லாம் மொத்தமாக வந்தது.

சனிக்கிழமை காலை அப்பாவின் நோட்டை வாங்கினாள். ஒன்றிலிருந்து நாற்பது வரை சீட்டு எழுதிக் குலுக்கி, ஒவ்வொரு மேசைக்கும் ஐந்து ரொட்டிகளை எடுத்தாள். நாற்பதையும் போட்டிருக்கலாம், ஆனால் கையால் போடுகிற கணக்கில் தப்பு வந்தால் அண்ணன் காலம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். முதலாளி மேசை: 408, 404, 411, 406, 406. சராசரி 407. அண்ணன் மேசை: 406, 399, 403, 405, 402. சராசரி 403. புருஷன் மேசை: 397, 401, 395, 400, 397. சராசரி 398.

முதலில் உள்ளே. ஒவ்வொரு ரொட்டியும் தன் மேசைச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, வர்க்கமாக்கிக் கூட்டினாள். இருபத்தெட்டு, முப்பது, இருபத்து நான்கு; மொத்தம் எண்பத்திரண்டு. பன்னிரண்டால் வகுத்தால் ஏழுக்குக் கொஞ்சம் கீழே. அடுத்து வெளியே. மூன்று மேசைச் சராசரிகளும் மொத்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்த்து, வர்க்கமாக்கி, மேசைக்கு ஐந்து ரொட்டி என்பதால் ஐந்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தாள். நூற்றொன்றே முக்கால் சொச்சம் என்று வந்தது. திரும்பப் போட்டாள், நூற்றொன்றரைக்கு மேல் கொஞ்சம். வெளியே இருப்பதை உள்ளே இருப்பதால் வகுத்தாள்.

கிட்டத்தட்ட பதினைந்து.

புத்தகத்தின் பின்னால் இருந்த அட்டவணையில் விரல் வைத்துத் தேடினாள். தற்செயல் என்று விட்டுவிட, நான்குக்குக் கீழே இருந்திருக்க வேண்டும். பதினைந்து என்றால், மேசைக்கு மேசை நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறது. புருஷனைக் காப்பாற்றக் கூப்பிட்ட சாட்சி, கூண்டில் ஏறி எதிர்த்தரப்புக்குப் பேசிவிட்டது.

பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைவிட மோசமான ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. அவள் மனசு தன் போக்கில் யோசிக்க ஆரம்பித்தது. ரொட்டிக்கு ஒன்பது கிராம் என்றால் நாற்பது ரொட்டிக்கு முந்நூற்று அறுபது. அதில் குருவி என்ன, வாத்தே செய்யலாம். வியாழக்கிழமை அவர் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார்? பழைய கொத்துவேலைக் கூட்டாளி ஒருத்தர் காலொடிந்து கிடக்கிறாரே, அங்கேயா? கேட்டால் சொல்லியிருப்பாரா? இப்படியே ஒரு கால் மணி நேரம் ஓடியது. அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கும்.

பிறகு தன்னைத் தானே அதட்டினாள், வகுப்பில் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில். சராசரி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "இந்தச் சோதனை வித்தியாசம் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். ஏன்னு சொல்லாது. அது போலீஸ் இல்ல." அப்படியானால் ஏன் என்பதைத் தேடவேண்டியது தன் வேலை. அழுவதற்குத் திங்கட்கிழமை இருக்கிறது.

நோட்டை மறுபடி எடுத்தாள். இந்த முறை சீட்டுப் போடவில்லை. உள்ளே பார்த்தாள். ஒரு மேசைக்குள் இருக்கும் ஆட்டம் வெறும் ஆட்டம், அதில் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். அப்பாவின் பக்கத்தில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். தலைப்பில் 410, 411, 409. நடுப்பக்கம் 407, 406. அடியில் 404, 405, 403. ஏற்ற இறக்கம் இருந்தது, ஆனால் மொத்தத்தில் இறங்கிக்கொண்டே போயிற்று. அண்ணன் பக்கமும் அப்படியே. புருஷன் பக்கமும் அப்படியே. மூன்று பக்கத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், ஒரே சரிவு.

சுயமாக இறங்குகிற சரிவுக்கு மேசை தெரியுமா, மாப்பிள்ளை தெரியுமா?

நடுப்பகல் அடுப்பு திறக்கும்வரை அவள் பட்டறையிலேயே காத்திருந்தாள். அண்ணன் நீளக் கரண்டியால் தட்டுகளை இழுத்து இழுத்து அடுக்கில் செருகினான். முகமெல்லாம் வேர்வை, புருவத்தில் மாவு. வெளிக்காற்றுப் பட்டதும் ரொட்டிகளின் மேல்தோல் சடசடவென்று பேசியது. அடுக்குக்கு மேலே ஆவி எழும்பிச் சன்னல் கண்ணாடியெல்லாம் முத்துப் பூத்திருந்தது.

"அண்ணே, ஒரு ரொட்டி கொடு. உன்னோடதே போதும்."

"பசியா?"

"கொடேன்."

வாங்கித் தராசில் வைத்தாள். 409. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எடுக்கவில்லை.

"என்ன பாப்பா, ரொட்டியை அடகு வெச்சிருக்கியா?"

"பேசாம தராசைப் பாரு."

அண்ணன் பார்த்தான். யாரும் தொடவில்லை, ஒரு ஈகூட உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் 408. அண்ணன் குனிந்தான். வேறு தட்டுகளை அடுக்கிவிட்டு வந்தான். 407. இன்னும் கொஞ்சம் கழித்து வந்தான். 406.

"தராசு கெட்டுப்போச்சு" என்றான்.

பாப்பா ரொட்டியை எடுத்துவிட்டு ஒரு கிலோ படிக்கல்லை வைத்தாள். சுத்தமாக 1000. அதை இறக்கிவிட்டு ரொட்டியை மறுபடி வைத்தாள். 406.

"தராசு நல்லாத்தான் இருக்கு. கால் மணி நேரம் ஆச்சு, மூணு கிராம் போச்சு. எங்க போச்சு சொல்லு?"

அண்ணன் ரொட்டியைப் பார்த்தான். அதன் தலையிலிருந்து மெல்ல எழும்பிக்கொண்டிருந்த ஆவியைப் பார்த்தான். சன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்தான். "அடக் கண்றாவியே" என்றான்.

"அப்பா நாப்பது ரொட்டி போட இருபது நிமிஷம் ஆகுது. உன்னோடது இருபது. அவரோட முறை வர்றப்போ ரொட்டி நாப்பது நிமிஷம் ஆறிக் கிடக்குது. அப்பாவோடது சூடா ஏறுது, அவரோடது ஆறி ஏறுது. வித்தியாசம் இருக்கு. ஆனா அது மேசையில இல்ல, வரிசையில இருக்கு."

இதை அப்பாவிடம் சொல்வது வேறு வேலை. அவர் பட்டறைக்குள் வந்தபோது மகள் சொன்னதை நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "ஆவிக்கு எடையா?" என்றார்.

"தண்ணிக்கு எடை உண்டாப்பா? அந்தத் தண்ணிதான் இது."

"அம்மாடி, நான் நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து அடுப்பு பார்க்கறேன். ரொட்டி அடுப்புக்குள்ள குறையும். வெளியே வந்தா வந்ததுதான்."

"வெளியே வந்ததை நீங்க என்னைக்கு எடை போட்டீங்க? இந்த வியாழக்கிழமைதானே?"

அவருக்குச் சுருக்கென்றது. "புருஷனுக்காகக் கணக்கைத் திருப்பறே நீ."

பாப்பா நிமிர்ந்தாள். "திருப்பலை. நான் போட்ட கணக்கு அவருக்கு எதிராத்தான் வந்துச்சு. நோட்டு இருக்கு, பாருங்க, பதினைஞ்சு. நீங்க சொன்னது சரி, வித்தியாசம் இருக்கு. அதை மறைக்கணும்னா உங்ககிட்ட வந்திருக்கவே மாட்டேன். ஆனா காரணம் என்னன்னு கண்டுபிடிக்காம ஒரு மனுஷனை வீட்டைவிட்டு அனுப்பாதீங்க. நாளைக்கு ஒரே ஒரு தடவை. மூணு மேசையிலயும் அஞ்சஞ்சு ரொட்டி. பதினைஞ்சு சீட்டு எழுதி மாவு டப்பாவுல போடறேன். நீங்களே எடுங்க. எந்தச் சீட்டு வருதோ அந்த ரொட்டி. மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு."

"அப்போ வரிசை?"

"வரிசை வேண்டாம்."

"என் ரொட்டிக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார். "வயசுக்கு ஒரு மரியாதை இல்லையா?"

"மரியாதை மனுஷங்களுக்குப்பா. ரொட்டிக்கு எதுக்கு?"

அண்ணன் சிரித்துவிட்டான். அப்பா முறைத்ததும் அடுப்புக்குள் எதையோ தேடுகிற மாதிரி தலையை நுழைத்துக்கொண்டான். கடைசியில் முதலாளி, "நாளைக்கு மட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. மூன்று மேசைகளிலும் மாவு வெட்டும் தகடுகள் மட்டும் டக் டக்கென்று கேட்டன. மாப்பிள்ளை ஒவ்வொரு மாவு உருண்டையையும் இரண்டு முறை தராசில் போட்டான். குழந்தைக்குக் குருவி செய்யவில்லை. அது வந்து கேட்டபோது, "இன்னைக்குக் குருவிக்கு லீவும்மா" என்றான்.

தட்டுகள் வெளியே வந்தன. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து மாவு டப்பாவுக்குள் கையை விட்டார். முதல் சீட்டில் மூன்று கோடு. மாப்பிள்ளை மேசை. அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பது போல. அண்ணன் மூன்று கீறல் ரொட்டியை எடுத்து வைத்தான்.

"நானூத்தி எட்டு" என்று படித்தார் முதலாளி. குரல் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது.

அடுத்து ஒரு கோடு. நானூற்று ஒன்பது. அடுத்து இரண்டு கோடு, நானூற்று ஆறு. மறுபடி மூன்று கோடு, நானூற்று ஐந்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று நிமிஷத்துக்கு ஒரு ரொட்டி. நடுவில் இருக்கும் நேரத்தைத் தள்ளுவதுதான் பெரும்பாடு. அண்ணி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள், போனாள், மறுபடி வந்தாள். "ஒரு ரொட்டியை எடை போட இத்தனை ஆர்ப்பாட்டமா" என்றாள். "அண்ணி, உள்ளே வாங்க, ஒரு சீட்டு நீங்களும் எடுங்க" என்றாள் பாப்பா. அண்ணி வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் யாரையும் பார்க்காமல் தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

பதினான்காவது சீட்டு. ஒரு கோடு. முதலாளியின் ரொட்டி.

அண்ணன் வைத்தான். எண் நின்றது. முதலாளி படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டார். ரொட்டியை எடுத்தார், தராசு பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்த்தார், தன் கையாலேயே மறுபடி வைத்தார்.

"முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு" என்றார்.

கடைசிச் சீட்டு அண்ணனுடையது. முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. "ஆக, திருடன் நான்தான்" என்றான் அவன். அப்பாவுக்கு முன்னால் இப்படிப் பேசுவது அந்த வீட்டில் நடக்காத காரியம். முதலாளி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பாப்பா அடுக்கின் மேல் நோட்டை வைத்து நின்றபடியே கணக்குப் போட்டாள். இப்போது சூத்திரத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை. முதலாளி மேசைச் சராசரி 403. அண்ணன் 402. புருஷன் 403. உள்ளே ஆட்டம் முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. சூட்டில் ஏறியதும் ஆறி ஏறியதும் ஒவ்வொரு மேசையிலும் கலந்துகிடந்தன. வெளியே ஆட்டம் அநேகமாக இல்லை. பதினைந்து வந்த இடத்தில் இப்போது ஒன்றுகூட வரவில்லை, ஒன்றில் எட்டில் ஒரு பங்குதான் வந்தது.

"அப்பா, மூணு மேசைக்கும் வித்தியாசம்னு சொல்ல ஒண்ணும் இல்ல" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மூணு மேசை ரொட்டியும்தான் நானூறுக்குக் கீழே இறங்குது. ஸ்டோர்காரர் சொன்னது எல்லாரையும்தான்."

முதலாளி வெகுநேரம் அந்த ரொட்டியைக் கையில் வைத்திருந்தார். தன் ஒற்றைக் கீறலைக் கட்டைவிரலால் தடவினார். "அவர் வந்து சொன்ன அன்னைக்கு நான் ஒரு தடவைகூட என் ரொட்டியை ஆறவெச்சுப் பார்க்கணும்னு நினைக்கலை" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து எப்போதும் போல் சத்தமாக, "நாளையிலேர்ந்து மாவு நானூத்தி எழுபது. மூணு மேசையும்" என்றார்.

மூன்று மேசையும். அண்ணி வாசலிலிருந்து உள்ளே போய்விட்டாள்.

முதலாளி மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் கேட்கவில்லை. அந்த வயசில் அந்த வார்த்தை அவர் வாய்க்குப் பழக்கமில்லை. சுவரருகே போனார். முதல் ஆணியில் தொங்கிய தன் தகட்டை எடுத்து மூன்றாவது ஆணியில் மாட்டினார். கையில் தகட்டோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற மாப்பிள்ளையைப் பார்க்காமலே, "எந்த ஆணி காலியா இருக்கோ அதுல மாட்டுங்க மாப்பிள்ளை. குழந்தை காலையிலேர்ந்து சுத்திச் சுத்தி வருது, அதுக்கு ஏதாவது செஞ்சு கொடுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூடைகள் போய்விட்டன. மாப்பிள்ளையும் பாப்பாவும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே குழந்தை ஒரு குருவியின் தலையைக் கடித்துக்கொண்டு மழையை வேடிக்கை பார்த்தது.

"டீச்சர், ஒண்ணு கேட்கட்டா? நிஜத்தைச் சொல்லணும்."

"கேளுங்க."

"முதல் கணக்குல பதினைஞ்சு வந்துச்சுன்னு சொன்னியே. அப்போ நீ என்னைச் சந்தேகப்பட்டியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாளாக எல்லோரிடமும் உள்ளதை உள்ளபடி பார்க்கச் சொல்லிவிட்டு, இவரிடம் மட்டும் எப்படி?

"பட்டேன்" என்றாள். "ஒரு கால் மணி நேரம்."

மழை கொட்டியது. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலிடுக்கில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டினான்.

"கால் மணி நேரம்தானே" என்றான் கடைசியில். "அதுல ரொட்டியே மூணு கிராம் இறங்கிடுது. நீ மனுஷி."